மூன்றே நாளில் மூச்சு லேசானது எப்படி?

வாசகி கேள்வி: என் அப்பாவுக்கு வயது 66. ஆறு ஆண்டுகளாக சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருக்கிறது. முப்பது வருடம் சிகரெட் பிடித்தவர், இப்போது விட்டுவிட்டார். தினமும் ஒருமுறை இழுக்கும் டையோட்ரோபியம் கேப்சூல், மூச்சு வாங்கினால் சால்பியூட்டமால் இன்ஹேலர், இரவில் தியோஃபிலின் மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை என்று எடுத்துவந்தார். மூன்று மாதங்களுக்கு முன்பு சித்தப்பா யாரிடமோ சொல்லி ஒரு மூலிகைப் பொடி வாங்கித் தந்தார். சின்னச் சின்னப் பொட்டலங்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மேலே ஒன்றும் எழுதியிருக்காது. மூன்றே நாளில் மூச்சு லேசாகிவிட்டது. நன்றாகப் பசிக்கிறது, முகம் பூசினாற்போல் ஆகிவிட்டது. ‘பழைய ஆளாகிவிட்டார்’ என்கிறார்கள். கூடவே அதிமதுரம், ஆடாதோடை, திப்பிலி சேர்ந்த ஒரு சிரப்பும், தம்பி வாங்கி அனுப்பிய ‘ஆன்ட்டி ஆக்சிடன்ட்’ மாத்திரையும் சாப்பிடுகிறார். இரண்டு மாதமாக டையோட்ரோபியத்தைத் தொடவில்லை. ‘மூலிகையே போதும், இங்கிலீஷ் மருந்து எதற்கு?’ என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை. கொஞ்ச நாளாகத் தூக்கம் குறைந்திருக்கிறது, கணுக்கால் வீங்குகிறது. பொட்டலங்கள் தீரப்போகின்றன. மறுபடி வாங்கலாமா? இவற்றையெல்லாம் மருந்தோடு சேர்த்துச் சாப்பிடலாமா?

நுரையீரல் மருத்துவர் பதில்:

நல்ல செய்தியாக நீங்கள் எழுதியிருக்கும் வரிகளைப் படித்துத்தான் எனக்குப் பயம் வந்தது. மூன்று நாளில் மூச்சு லேசாவது, திடீரென்று பசி, முகம் பூரித்துப்போவது, தூக்கம் குறைவது, கால் வீங்குவது. இந்த ஐந்தையும் சேர்த்து ஒரு மருத்துவ மாணவரிடம் சொன்னால், ‘எத்தனை நாளாக ஸ்டீராய்டு எடுக்கிறார்?’ என்றுதான் கேட்பார்.

பொடியைப் பார்க்காமல் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மூச்சிரைப்புக்கும் மூட்டுவலிக்கும் ‘மூலிகை’ என்று விற்கப்படும் பொருள்களைச் சோதித்தபோது டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டுகள் அகப்பட்டது பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பதிவானது. இரண்டு மூன்று நாளில் சி.ஓ.பி.டி. நோயாளியின் மூச்சை இப்படித் திருப்பிப் போடக்கூடிய மூலிகை எதையும் நான் கண்டதில்லை. ஸ்டீராய்டு அதைச் செய்யும். நோய் திடீரென்று முற்றும்போது நாங்களே அதைத்தான் தருகிறோம்: பிரெட்னிசலோன் 40 மில்லிகிராம், பெரும்பாலும் 5 நாள், அதோடு நிறுத்தம். மாதக்கணக்கில் தருவதில்லை. தந்தால் சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், கண்புரை வரும், தசை கரையும். மூச்சுக்கு உதவும் தசைகளும் அதில் சேர்த்தி.

ஆகவே மறுபடி வாங்க வேண்டாம். ஆனால் இருப்பதைத் தூக்கி எறிந்துவிடவும் வேண்டாம். அப்பாவாகவே சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். இது உங்களுக்கு விசித்திரமாகப் படலாம். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தன் சொந்த உற்பத்தியைக் குறைத்துக்கொண்டு தூங்கிவிடும். மூன்று வாரத்துக்கு மேல் போனாலே இந்த ஆபத்து உண்டு; உங்கள் அப்பாவுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது. திடீரென்று வரத்து நின்றால் சுரப்பியால் உடனே எழுந்திருக்க முடியாது. கடும் அசதி, வாந்தி, எழுந்து நின்றால் தலைசுற்றல், ரத்த அழுத்தச் சரிவு என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலங்கள் தீர்ந்த பிறகு போய்க்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். ஓரிரு நாளில், கையில் மிச்சம் இருக்கும்போதே, அவருடைய மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். பொட்டலத்தை மேசையில் வைத்து, ‘மூன்று மாதமாக ஒரு நாளைக்கு இரண்டு’ என்று சொல்லுங்கள். சர்க்கரை, பொட்டாசியம், ரத்த அழுத்தம், காலை நேரக் கார்ட்டிசால் (அட்ரினல் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு) பார்ப்பார். சந்தேகம் உறுதியானால் அளவு தெரிந்த மாத்திரைக்கு மாற்றி, வாரம் வாரமாகக் குறைத்து நிறுத்துவார். நடுவில் வாந்தியோ மயக்கமோ வந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய், ‘ஸ்டீராய்டு கலந்த பொடி சாப்பிட்டிருக்கலாம்’ என்ற வார்த்தையை முதலில் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியம் அங்கே அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

பெயர் எழுதாத பொடி என்றாலே எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2004-இல் அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மூலிகைப் பொருள்களைச் சோதித்தார்கள். 14-இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. அவை சீட்டு ஒட்டிக் கடையில் வைத்து விற்றவை. உங்கள் வீட்டுப் பொட்டலத்துக்கு அந்தச் சீட்டுகூடக் கிடையாது.

இனி சிரப். இது வேறு விஷயம். என்ன இருக்கிறது என்று தெரிகிறது, அதனால் பேசலாம்.

ஆடாதோடையின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதன் இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளைப் பார்த்து உருவாக்கியதுதான் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கி. அதன் வழியில் வந்தது அம்ப்ராக்சால். இருமல் மருந்து பாட்டில்களைத் திருப்பிப் பார்த்தால் இந்த இரண்டில் ஒன்றைப் பலமுறை பார்த்திருப்பீர்கள். சளி இளகுவதால் இருமல் சுலபமாகலாம். குறுகிய மூச்சுக்குழாய் அதனால் விரிந்துவிடாது.

எனக்கு உறுத்துவது அதிமதுரம். அதிலுள்ள கிளைசிரைசின், சிறுநீரகத்தில் ஒரு நொதியைத் தடுத்து, உப்பையும் நீரையும் உடம்பில் தங்கவைக்கிறது. பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. ரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும். தொண்டை கரகரத்தால் இரண்டு நாள் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்பவருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் உங்கள் அப்பாவின் மருந்துப் பட்டியலை மறுபடி பாருங்கள். நீர் பிரியும் மாத்திரை பொட்டாசியத்தைக் குறைக்கும். சால்பியூட்டமால் குறைக்கும். தியோஃபிலினும் தன் பங்குக்குக் குறைக்கும். பொட்டலத்தில் நான் நினைப்பது இருந்தால் அதுவும் குறைக்கும். அதற்கு மேல் தினமும் அதிமதுரம்! ஒருவர் ‘காலெல்லாம் துவளுது, மாடி ஏற முடியல’ என்று என்னிடம் வந்தார். மூச்சுதான் காரணம் என்று அவர் நினைத்தார். நானும் முதல் ஐந்து நிமிடம் அப்படித்தான் நினைத்தேன். பொட்டாசியம் 2.6. இருக்க வேண்டியது 3.5-க்கு மேல். மருந்துச் சீட்டில் காரணம் கிடைக்கவில்லை. மனைவியின் கைப்பையில் இருந்தது: அதிமதுரக் கஷாயம், நான்கு மாதமாக, ‘அது மருந்து இல்லையே டாக்டர், அதான் சொல்லல’. அந்த அளவுக்குக் குறைந்தால் இதயத் துடிப்பு எந்த நேரமும் தடம்புரளலாம்.

திப்பிலியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அதிலும் மிளகிலும் உள்ள பைப்பரின், மற்ற மருந்துகள் உடைந்து வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். மஞ்சள் மாத்திரைகளில் அதைச் சேர்ப்பதே இதற்காகத்தான். மஞ்சளின் குர்க்குமின் தனியாக ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. (அப்படிச் சேர்த்த மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள்.) பைப்பரின் தியோஃபிலினின் அளவையும் ரத்தத்தில் உயர்த்தும். தியோஃபிலினுக்குப் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு; படபடப்பு, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை ஆரம்ப அடையாளங்கள். யாரும் சொல்லாமல் விடும் இன்னொன்று: சிகரெட் புகை தியோஃபிலினை வேகமாக உடைத்து வெளியேற்றும். சிகரெட்டை விட்டதும் அந்த வேகம் போய்விடும். புகைத்த காலத்தில் குறித்த அதே அளவை இன்னும் எடுக்கிறாரா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிரப்பை இப்போதைக்கு நிறுத்திவிடலாம். அதைச் சட்டென்று நிறுத்துவதில் ஆபத்து இல்லை. கணுக்கால் வீக்கத்தை மட்டும் சிரப்பின் தலையில் கட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். நுரையீரல் நோய் முற்றி இதயத்தின் வலப்பக்கம் களைத்தாலும் கால் வீங்கும். எக்கோ எனப்படும் இதய ஸ்கேன் ஒன்று எடுக்கச் சொல்வார்கள், எடுத்துவிடுங்கள்.

தம்பி அனுப்பிய மாத்திரையின் சீட்டைப் பாருங்கள். பீட்டா கரோட்டின் என்று இருந்தால் இன்றே நிறுத்துங்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடந்த ஆய்வு 1994-இல் வெளிவந்தது. நுரையீரல் புற்றைத் தடுக்கும் என்று நம்பிக் கொடுத்த பீட்டா கரோட்டின், புற்றை 18 விழுக்காடு கூட்டியது. அமெரிக்காவில் நடந்த அடுத்த ஆய்வையும் அதே காரணத்தால் 1996-இல் பாதியில் நிறுத்தினார்கள். அதில் சிகரெட்டை விட்டவர்களும் இருந்தார்கள்.

‘மூலிகைக்குப் பக்கவிளைவு இல்லை’ என்று சித்தப்பா சொல்லக்கூடும். 1994, 95-இல் தைவானில் உடம்பு இளைக்க வேண்டும் என்று ஒரு கீரையைப் பச்சையாக அரைத்துச் சாறு குடித்தார்கள். 200-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறு மூச்சுக்குழாய்கள் தழும்பேறி அடைத்துக்கொண்டன. குடிப்பதை நிறுத்திய பிறகும் சரியாகவில்லை. சிலருக்கு நுரையீரல் மாற்று சிகிச்சை வரை போனது. அந்தக் கீரை நமக்கும் தெரிந்ததுதான்: தவசிக்கீரை. சிலர் தவசி முருங்கை என்பார்கள். சித்த மருத்துவத்தில் இருமலுக்குச் சொல்லப்படும் தவசு முருங்கை முற்றிலும் வேறு செடி. காதில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் விழும். வேக வைத்து அளவோடு உண்பவர்களுக்குத் தவசிக்கீரை தொல்லை தருவதில்லை. பச்சைச் சாறாக, வாரக்கணக்கில், குவளை குவளையாகக் குடித்தபோது நுரையீரலையே தின்றது. ஜப்பானிலும் ஷோ-சைகோ-டோ என்ற பழைய மூலிகைக் கூட்டுமருந்தால் நுரையீரல் அழற்சி வந்து சிலர் இறந்ததால் 1996-இல் அரசு அவசர எச்சரிக்கை விட வேண்டியிருந்தது.

இதைப் படித்துவிட்டு நான் மூலிகைக்கு எதிரி என்று அப்பா முடிவுகட்டினால், அவர் இரண்டு மாதமாகத் தொடாத கேப்சூலின் கதையைச் சொல்லுங்கள். அது ஊமத்தையின் வழித்தோன்றல். ஊமத்தையைச் சுருட்டிப் புகைத்தால் மூச்சிரைப்பு அடங்கும் என்பது இங்கே பழைய வழக்கம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்த ஆங்கிலேயர்கள் அதைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு அங்கே ஊமத்தைச் சிகரெட்டே விற்றது. மூச்சுக்குழாயைத் தளர்த்தியது அதிலிருந்த அட்ரோபின் வகைப் பொருள்கள். ஆனால் அவை ரத்தத்தில் கலந்து வாய் வறண்டு, நெஞ்சு படபடத்து, சிலருக்குப் புத்தி தடுமாறியது. அந்த மூலக்கூறை மாற்றி மாற்றி, ரத்தத்தில் அதிகம் கலக்காமல் நுரையீரலிலேயே தங்கும்படி செய்ததில் முதலில் இப்ராட்ரோபியம் வந்தது, அப்புறம் டையோட்ரோபியம். ஒருமுறை இழுத்தால் 24 மணி நேரம் வேலை செய்யும். ஏறத்தாழ 6,000 பேரை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2008-இல் வெளியான ஆய்வில், நோய் திடீரென்று முற்றும் தடவைகளை அது குறைத்தது. நுரையீரல் தேய்வதை அது நிறுத்தவில்லை என்பதையும் அதே ஆய்வு ஒளிக்காமல் சொன்னது. உங்கள் வீட்டுப் பொட்டலத்தைப் பற்றி இந்த இரண்டு வரியையும் சொல்ல ஆள் இருக்கிறாரா?

ஆகவே டையோட்ரோபியத்தை இன்றே மறுபடி தொடங்கட்டும். தொடங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ‘இன்ஹேலர் கேட்கவில்லை’ என்று வருகிறவர்களிடம் நான் மருந்தை மாற்றுவதற்கு முன்பு, ‘எங்கே, செய்து காட்டுங்கள்’ என்பேன். கேப்சூலைத் தண்ணீரோடு விழுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். கருவியில் போட்டு, துளைக்காமலே இழுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கருவிக்குள்ளேயே மூச்சை ஊதி, பொடியை ஈரமாக்கிக் கட்டியாக்கியவர்கள் இன்னும் அதிகம். கேப்சூலைக் கருவியில் வைத்துத் துளைக்க வேண்டும். முகத்தைத் திருப்பி மூச்சை முழுவதும் வெளியே விட வேண்டும். உதட்டால் இறுக்கிக் கவ்விக்கொண்டு ஆழமாக இழுக்க வேண்டும். அப்போது கேப்சூல் உள்ளே படபடவென்று அதிரும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் மருந்து போகவில்லை. முடிந்தவரை மூச்சைப் பிடித்துவிட்டு, அதே கேப்சூலில் இன்னொரு தடவை இழுக்க வேண்டும். சால்பியூட்டமால் இழுக்கும் முறை வேறு: அதை மெதுவாக இழுக்க வேண்டும், ஸ்பேசர் (இன்ஹேலரின் வாயில் பொருத்தும் குழாய்) வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. இரண்டையும் ஒரே மாதிரி இழுத்தால் ஒன்று வீணாகலாம்.

‘சேர்த்துச் சாப்பிடலாமா’ என்பதுதானே உங்கள் கேள்வி? சேர்ப்பதற்கு முதலில் ஒன்று இருக்க வேண்டும். உங்கள் அப்பா இப்போது எதையும் சேர்க்கவில்லை, மாற்றிக்கொண்டிருக்கிறார். சிகரெட்டை விட்டது, இன்ஹேலர், ஃப்ளூ தடுப்பூசி, நிமோனியா தடுப்பூசி, நுரையீரலுக்கான உடற்பயிற்சிச் சிகிச்சை, ஆக்சிஜன் அளவு மிகக் குறைந்தவர்களுக்கு ஒரு நாளில் குறைந்தது 15 மணி நேர ஆக்சிஜன்: இதுதான் அஸ்திவாரம். இதில் உடற்பயிற்சிச் சிகிச்சையைப் பலர் கேள்விப்பட்டதுகூட இல்லை. பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் வாரம் இரண்டு மூன்று நாளாக 6 முதல் 8 வாரம். நடை கூடுகிறது, மூச்சுத் திணறல் குறைகிறது. எந்த மூலிகை ஆய்விலும் இவ்வளவு தெளிவான பலனை நான் படித்ததில்லை.

அதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது மேலே ஒன்று சேர்க்க விரும்பினால், கையில் இருக்கும் சான்று இவ்வளவுதான். பெலர்கோனியம் என்ற தென்னாப்பிரிக்கச் செடியின் வேர்ச்சாறு, 200 நோயாளிகளை வைத்து 2013-இல் வெளியான ஆய்வில், அடுத்த தாக்குதல், அதாவது நோய் திடீரென்று முற்றுவது, வரும் நாளைச் சுமார் இரண்டு வாரம் தள்ளிப்போட்டது. ஒற்றை ஆய்வு, சிறிய பலன். ஜின்செங்கை 24 வாரம் கொடுத்துப் பார்த்த 2019 ஆய்வில், மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிட அது வாழ்க்கைத் தரத்தை உயர்த்தவில்லை. மூலிகை அல்லாத அசிட்டைல்சிஸ்டீன் என்ற சளி இளக்கியைத் தினமும் 1,200 மில்லிகிராம் கொடுத்தபோது தாக்குதல்கள் ஓரளவு குறைந்தன. 600 மில்லிகிராமில் அது தெளிவாகத் தெரியவில்லை. வைட்டமின் டி, ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 நானோகிராமுக்கும் கீழே போனவர்களுக்கு மட்டும் உதவுகிறது. அப்பாவுக்கு அதை அளந்து பார்க்கலாம். சுவர் இடிந்துபோன காற்றுப்பைகளைத் திரும்பக் கட்டித்தரும் இலையோ வேரோ இதுவரை கிடைக்கவில்லை. ‘நுரையீரலைச் சுத்தம் செய்யும்’ என்று எழுதியிருந்தால் பாட்டிலைக் கீழே வைத்துவிடுங்கள்.

சேர்ப்பதானால் ஒரு நேரத்தில் ஒன்றுதான். உள்ளே இருப்பது முழுவதும் சீட்டில் எழுதியிருக்க வேண்டும். இரண்டு தரப்பு மருத்துவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பாரம்பரிய மருத்துவம் முறையாகப் படித்தவரிடம் போனால் அவரே கலவையின் பெயரை எழுதித் தருவார். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். தொடங்கும் முன்பு ‘கேட்’ (CAT) என்ற, சி.ஓ.பி.டி. தொல்லையை அளக்கும் எட்டுக் கேள்விப் படிவத்தை அப்பா நிரப்பட்டும். மொத்தம் 40 புள்ளி, கூடக்கூட மோசம். மூன்று மாதம் கழித்து மறுபடி நிரப்பட்டும். இரண்டு புள்ளியாவது குறையவில்லை என்றால் அந்த மருந்து அவருக்கு வேலை செய்யவில்லை. நாள்காட்டியில் தினமும் எத்தனை தடவை சால்பியூட்டமால் அடித்தார் என்று குறித்துவந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். எந்த மூலிகையையும் புகையாக இழுக்க வேண்டாம். தைல எண்ணெய் எதையும் நெபுலைசரில் ஊற்ற வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அதுவே ஒரு நிமோனியா.

அப்பாவிடம் எப்படிப் பேசுவது? ‘பொடி ஏமாற்று’ என்று தொடங்கினால் சித்தப்பா மேல் உள்ள பாசத்துக்காகவே இன்னும் மூன்று மாதம் சாப்பிடுவார். மூச்சு லேசானது அவருக்கு நிஜம், அதை மறுக்காதீர்கள். ‘உங்களுக்கு இவ்வளவு கேட்டிருக்கிறதே, அதில் என்ன இருக்கிறது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்வோம்’ என்று அழைத்துப்போங்கள். சித்தப்பாவும் கூட வரட்டும். யாரிடம் வாங்கினார், வேறு யாருக்கெல்லாம் வாங்கித் தந்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். அவர்களும் இதைச் சட்டென்று நிறுத்தாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கிளம்பும் முன் பொட்டலங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நான்குக்குக் கீழே இருந்தால் நாளைக் காலையே போய்விடுங்கள்.